சிறிய வீடு, தவழும் குழந்தை

ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள வீட்டில், ஆபத்தான பொருள்களுக்கெனத் தனியிடம் ஒதுக்க இயலாது. ஆகவே வீட்டை உயரத்தால் பிரித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் நாங்கள் கூறுகிறோம். தரையிலிருந்து உங்கள் தோளளவு வரை குழந்தைக்குரியது. துணிகளும் பாத்திரங்களும் அங்கே இருக்கட்டும்.

மேலே செல்ல வேண்டியவற்றுள் முதலாவது மண்ணெண்ணெய். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கமே பெருங்கேடு விளைவிக்கிறது. தாகமெடுத்த குழந்தை நிறம் பார்ப்பதில்லை. குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். உப்பு நீரும் புகட்டாதீர்கள். வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று கடும் அழற்சியை உண்டாக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். வரும்போது அந்தப் பாட்டிலையும் கொண்டு வாருங்கள்.

பாட்டியின் மாத்திரைகள் தலையணைக்கடியில் இருப்பதை நாங்கள் குறை கூறவில்லை. அவருக்கு எட்டும் இடம் அதுதான். ஆயினும் சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளில் ஒன்றை விழுங்கினாலே சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடக்கூடும். பாட்டி நின்றபடி எடுக்கும் உயரத்தில், சுவரில் ஒரு பையை மாட்டுங்கள். கட்டிலுக்கு நேர்மேலே வேண்டாம். குழந்தை அதன்மீது ஏறிவிடும்.

தண்ணீர் வாளியை மேலே ஏற்ற முடியாது. குழந்தையின் தலை கனமானது; எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக மீள இயலாது, சில அங்குல நீரே போதும். குழாயில் நீர் வராத நாள்களுக்காகச் சேமிப்பதை இறுக மூடும் டிரம்மில் வையுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்புறத்தில், உங்கள் தலைக்கு நேராக ஒரு தாழ்ப்பாள் பொருத்துங்கள்.