கையும் நாவும்

மனிதனுக்கு வாய்த்த கருவிகளுள் கையும் நாவும் தலையாயவை. கையாற் செய்கின்றோம்; நாவாற் சொல்கின்றோம். இவ்விரண்டும் குழந்தைப் பருவத்தில் ஒருங்கே வளர்வன. ஆதலின், ஒன்றின் இயல்பு மற்றொன்றைத் தாக்குமோ என்னும் ஐயம் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எழுதல் இயல்பே.

வலக்கையைச் சோற்றுக்கை என்பது எம்மவர் வழக்கு. விஜயதசமியன்று ஏடு தொடக்குங்கால், குழந்தையின் வலக்கைச் சுட்டுவிரலைப் பற்றியே அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றோம். கொடுப்பதும் கொள்வதும் வலக்கையாலேயே. இத்தகைய சமுதாயத்தில் இடக்கையை முன்நீட்டும் பிள்ளை வீட்டிலே கண்டிக்கப்படுகின்றது. வகுப்பிலே பிரம்படி பெற்ற காலமும் உண்டு. அப்பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தும், நாத் திக்கும் என்ற அச்சமும் இக்கண்டிப்புக்குத் துணைசெய்கின்றது. இவ்வச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பாதி. இடக்கையை ஆள்வது வலப்பாதி. 1861ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து வைத்தியர் போல் புரோக்கா என்பார், 'தான்' என்னும் ஓரொலியையன்றி வேறு சொல்ல மாட்டாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையைச் சோதித்தார். இடப்பாதியின் முன்புறம் சிதைந்திருக்கக் கண்டார். 1865ஆம் ஆண்டில், நாம் மூளையின் இடப்பாதியாலேயே பேசுகின்றோம் என்று அவர் எடுத்துரைத்தார். வலக்கையர்க்குப் பேச்சு இடப்பாதியில் உளதாயின், இடக்கையர்க்கு அது வலப்பாதியில் இருத்தல் வேண்டும் எனப் பின்னர்ப் பலரும் கருதினர். கண்ணாடியிலே தோன்றும் நிழல்போல எல்லாம் இடம்மாறி அமையும் என்பது அவர்தம் எண்ணம்.

எண்ணம் அழகியதே, உண்மையோ வேறு. 1949ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர் வாடா என்பார், கழுத்து நாடிவழியாக மருந்தேற்றி மூளையின் ஒரு பாதியை மாத்திரம் சில நிமிடம் உறங்கச்செய்யும் முறையை வெளியிட்டார். பேச்சுக்குரிய பாதி உறங்கின் பேச்சு நின்றுவிடும். மூளையிற் சத்திரசிகிச்சை பெறவிருந்த நோயாளரிடத்து இம்முறையைக் கையாண்ட மொன்றியல் நகர அறிஞர் ராஸ்முசனும் மில்னரும் 1977ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வலக்கையருள் நூற்றுக்கு 96 பேருக்குப் பேச்சு இடப்பாதியில் அமைந்திருந்தது. இடக்கையருள்ளும் நூற்றுக்கு 70 பேருக்கு அது இடப்பாதியிலேயே இருந்தது. 15 பேருக்கு வலப்பாதியிலும், எஞ்சிய 15 பேருக்கு இரு பாதிகளிலும் அமைந்திருந்தது. எனவே, கை மாறினால் நாவின் இருப்பிடமும் மாறும் என்பது பொருந்தாது.

கைப்பழக்கம் எப்பொழுது தோன்றுகின்றது? பெல்பாஸ்ற் நகர ஆய்வாளர் ஹெப்பர் என்பாரும் அவர் குழுவினரும், தாய்வயிற்றிலேயே விரல் சூப்பும் சிசுக்களை ஒலியலைப் படங்களிற் கண்டு, அவற்றுள் 75 பிள்ளைகளைப் பல்லாண்டு கழித்து மீண்டும் நோக்கினர். கருவில் வலப் பெருவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கையராயினர். இடப் பெருவிரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையராயினர். பிரம்பும் கண்டிப்பும் எட்டாத இடத்திலேயே கை தன் வழியைத் தேடத் தொடங்கிவிடுகின்றது. உலகத்தாருள் ஏறத்தாழப் பத்திலொருவர் இடக்கையர் என்ப.

இனி மொழியைப் பார்ப்போம். அமெரிக்காவில் நெல்சன் முதலிய மூவர், 38 குழந்தைகளை ஆறாம் மாதந்தொட்டு ஈராண்டு நிரம்பும்வரை நோக்கி, 2014ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். முதலாண்டளவிலேயே ஒரு கையை, அதாவது வலக்கையை, நிலையாகப் பயன்படுத்திய குழந்தைகள் இரண்டாம் வயதில் மொழித்திறனில் முந்திநின்றன. இதனைக் கேட்டதும் இடக்கைப் பிள்ளையின் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. கைப்பழக்கம் பிந்தி நிலைத்த குழந்தைகளும் தம் வயதுக்குரிய மொழியளவிற் குன்றவில்லை. குழந்தையின் கையை மாற்றினால் மொழி வளரும் என்று அவ்வாய்வு கூறவுமில்லை.

திக்குவாய்ப் பேச்சுக்கு வருவோம். இடக்கையை மாற்றுவதனாலேயே திக்கல் உண்டாகின்றது என்று 1920களிலும் 1930களிலும் அமெரிக்க அறிஞர் ஓர்ட்டனும் றவிசும் கருதினர். ஆறாம் ஜோர்ஜ் மன்னரைச் சான்றுகாட்டுவோரும் உளர். 1926ஆம் ஆண்டில் விம்பிள்டனில் இடக்கையாற் பந்தாடிய அவர், வலக்கையால் எழுதப் பழக்கப்பட்டவர், பேச்சிலே திக்குபவர். ஆயினும், இரண்டு குறைகள் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தலால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. பிற்கால ஆராய்ச்சி அக்கொள்கையை உறுதிப்படுத்தவில்லை. திக்கல் பெரும்பாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதில், எழுதுகோல் பிடிக்குமுன்னரே தோன்றுகின்றது. பலரிடத்துத் தானே மறைகின்றது.

அங்ஙனமாயிற் கையை மாற்றுவதில் தீங்கில்லையே எனின், அதுவும் அன்று. செருமனியில், சிறுவயதில் வலக்கைக்கு மாற்றப்பட்ட இடக்கையர் எழுதுங்கால் அவர் மூளை தொழிற்படுவதைப் படம்பிடித்தனர். பல்லாண்டு வலக்கையால் எழுதிய பின்னரும், பிறவி இடக்கையர்க்குரிய தொழிற்பாடு அங்கு முற்றாக மறையவில்லை. கை பணிந்தது, மூளை முழுதும் பணியவில்லை. எழுத்துப் பயிலவேண்டிய பிள்ளைக்கு வேண்டாத சுமையொன்றையும் ஏற்றுவதனால் நாம் பெறும் பயன் யாது?

உண்ணுதல், கொடுத்தல் முதலியவற்றில் வலக்கையைப் பயன்படுத்துதல் எமது ஒழுக்கம். அதனை அன்பாற் பழக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் எளிதிற் பழகுவர். எழுதுதல் நுண்தொழில், அதனைப் பிள்ளையின் கைக்கே விட்டுவிடுதல் நன்று. தமிழெழுத்து இடமிருந்து வலம் செல்வதால், இடக்கைப் பிள்ளையின் கை எழுதியதை மறைக்கும். சிலேற்றாயின் அழிக்கவும் செய்யும். தாளின் மேற்பக்கத்தைச் சற்று வலப்புறமாகச் சாய்த்து வைப்பித்தும், வாங்கின் இடக்கோடியில் இருத்தியும் ஆசிரியர் அவ்விடரைக் குறைக்கலாம்.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள் வேறு. ஓராண்டு நிரம்புமுன் ஒரு கையை மாத்திரமே நீட்டி மற்றதை அசையாது வைத்திருக்கும் குழந்தையை வைத்தியரிடம் காட்டுக. அது எக்கையாயினும் ஆகுக. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தைக்குக் கையைச் சோதியாது காதைச் சோதிப்பிக்க. மொழி கேள்வியால் வளர்வது. தாய் தந்தையர் குழந்தையோடு பேசும் ஒவ்வொரு சொல்லும் அதற்கு உரமாகும்.

இம்மலரைக் கையேந்தும் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராகவும் பாட்டனாராகவும் விளங்குகின்றனர். அவர்தம் மனைகளில் இடக்கையால் எழுதுகோலைத் தூக்கும் பிள்ளையொன்று உளதாயின், அக்கையைத் தட்டாது, அது எழுதியதைப் படித்துப் பாராட்டுவாராக.