அணைய மறுக்கும் கணினி

ஒரு காரியத்தைத் தொடங்குதற்கு ஊக்கம் போதும். அதனைச் செவ்வனே முடித்தற்கு ஒழுங்கு வேண்டும். இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும் என்பதனை யான் ஓர் இழப்பின் வாயிலாகவே அறிந்தேன். இம்மலரின்பொருட்டு மூன்று மாலைகள் இருந்து பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சிட்டேன். மூன்றாம் நாள் இரவு கணினியை அணையுமாறு பணித்தேன். திரையிற் சிறு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டேயிருந்தது. பொறுமையிழந்து சுவரிலிருந்த செருகியைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் அக்கோப்புத் திறக்கவில்லை. தவறு எங்கே நிகழ்ந்தது என அறிய விரும்பி, பொறியியல் கற்ற என் பழைய மாணாக்கரை அணுகினேன். அவர்களிடம் ஆசிரியன் மாணவனாகிக் கற்றதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

விளக்கை அணைப்பதும் கணினியை அணைப்பதும் ஒன்றல்ல. முற்காலத்து மேசைக் கணினிகளில் விசை மின்னோட்டத்தை நேரே துண்டித்தது. விண்டோஸ் 95 இயங்கிய அத்தகைய கணினிகளில், 'இனி அணைக்கலாம்' என்னும் பொருள்பட ஓர் அறிவித்தல் திரையிற் தோன்றும். அதன்பின் மனிதன் கையால் விசையைத் தட்டுவான். 1995இல் ஏடிஎக்ஸ் என்னும் அமைப்பு வந்தபின் அவ்விசை வெறும் வேண்டுகோளை அனுப்புவதாயிற்று. மின்னை நிறுத்தும் கட்டளையைக் கணினியே இட வேண்டியதாயிற்று. 1996இல் இன்டெல், மைக்ரோசொவ்ற், தொசீபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐ என்னும் பொது விதியை வெளியிட்டன. அதன்படி மின்வலு முகாமைத்துவம் பணிசெயல் முறைமையின் பொறுப்பாயிற்று. நினைவகத்துக்கு மாத்திரம் மின் ஊட்டி உறங்குவது எஸ்3 நிலை. நினைவகத்தை வன்றட்டிற் படியெடுத்து உறங்குவது எஸ்4 நிலை. முற்றாக ஓய்வது எஸ்5 நிலை.

எஸ்5 நிலையை அடையுமுன் பல படிகளைக் கடத்தல் வேண்டும். முதலிற் செய்நிரல்கள் யாவும் விடைபெறுமாறு பணிக்கப்படும். இணங்காதவற்றுக்குச் சிறிது தவணை உண்டு. லினக்ஸ் வகைகள் பலவற்றில் அது 90 விநாடி. பின்னர் நினைவகத்தில் எஞ்சியிருக்கும் எழுத்துகள் வன்றட்டிற் பதிக்கப்படும். அதன்பின் கருவிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படும். ஈற்றிலேதான், தாய்ப்பலகை செய்தோர் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து, மின்னை நிறுத்தும் எண்ணை உரிய இடத்தில் முறைமை எழுதும். யான் செருகியைப் பிடுங்கியது இரண்டாம் படி முடியுமுன்னர் ஆதல் வேண்டும்.

கருவிகளை நிறுத்தும் வரிசையே இவற்றுள் நுட்பமானது. கொச்சிக்கடையிற் கருங்கல்லாற் சமைந்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நம்மவர் அறிவர். எவ்வாலயத்திலும் காலையில் வெளிவாயில் முதலிலும் மூலத்தானம் பின்னரும் திறக்கும். இரவில் மூலத்தானத்தைச் சாத்தியபின்னரே வெளிவாயில் சாத்தப்படும். லினக்ஸும் கருவிகளைத் தொடங்கிய வரிசைக்கு எதிர்வரிசையிலேயே நிறுத்துகின்றது. வன்றட்டு ஓயுமுன் அதனைத் தாங்கும் கட்டுப்படுத்தி ஓய்ந்தால், வன்றட்டுக்கு இறுதிச் சொல்லைச் சொல்ல வழியில்லை. முறைமை மறுமொழியை எதிர்பார்த்து அங்கேயே நின்றுவிடும்.

பிழைகள் பெரும்பாலும் மூவகைப்படும். ஏதேனுமொரு கருவியின் செலுத்தி மறுமொழி கூறாது நிற்பது ஒன்று. எல்லாம் முடிந்தும் மின் நில்லாதிருப்பது மற்றொன்று. அணைந்த கணினி விசைப்பலகையினாலோ வலையிணைப்பினாலோ எழுப்பப்பட்டு மீண்டும் தொடங்குவது மூன்றாவது. இரண்டாம் வகைக்குத் தாய்ப்பலகை அட்டவணையின் வழு ஒரு காரணம். வேறொன்றும் உண்டு: சில கணினிகள், கட்டளை முதலாவது செயலியிலிருந்து வந்தாலன்றிப் பணியா. ஆகையால் லினக்ஸ் நிரலாளர், வேலையை அச்செயலிக்கு மாற்றிய பின்னரே மின்னை நிறுத்துமாறு எழுதியுள்ளனர்.

பிழையைக் காணும் முறை மாணவர் கருதத்தக்கது. வல்லுநர் ஊகத்தால் எதனையும் மாற்றார். முதலிற் குறிப்பேட்டின் கடைசி வரியை வாசிப்பர். கணினி எங்கே நின்றது என்பதனை அது காட்டும். நேற்று அணைந்த கணினி இன்று அணையவில்லையெனின், இடையில் நிரலிற் செய்த மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதிப்பர். ஆயிரம் மாற்றங்களாயினும் ஏறக்குறையப் பத்துச் சோதனைகளிற் குற்றவாளி அகப்படும். லினக்ஸின் நிரல் எவரும் வாசிக்கக்கூடியது. ஆகவே நம் மாணாக்கனொருவன் இம்முறையாற் பிழையைக் கண்டு திருத்தி அனுப்புதற்கும் தடையில்லை.

சாதாரணர் செய்யத்தக்கன சில உள. வேலையைச் சேமித்தபின்னரே அணையுங்கள். வட்டம் சுழன்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். விசையை நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மின் வலிந்து நிறுத்தப்படும். இதுவும் செருகியைப் பிடுங்குவது போன்றதே, வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யத்தக்கது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாக, விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்கும்போது 'அணை' என்னும் கட்டளை கருவை முற்றாக அணையாது, உறங்கவைத்தே நிறுத்துகின்றது. கோளாறு கண்டவிடத்து 'மறுதொடக்கம்' செய்வதே முழு ஓய்வு தரும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டுக் கண்ட நாட்டில், கணினிக்கு ஒரு மின்கல இருப்பு வைத்தலும் நன்று.

பெயர்ப்பட்டியலை மீண்டும் தட்டச்சிட்டேன். அதுவே இம்மலரின் இறுதிப் பக்கங்களில் உள்ளது. இம்முறை கணினி தானே அணையும்வரை அருகிலிருந்து, அதன்பின்னரே அறைக்கதவைச் சாத்தினேன்.