கடலோர மனை: அப்ரூவல் தந்தது யார்?

சென்ற வாரம் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் பார்த்தோம். கடலோர நிலத்தைப் பொறுத்தவரை இவை மூன்றும் சுத்தமாக இருந்தாலும் போதாது. ‘காட்டேஜ் கட்ட அப்ரூவல் பெற்ற இடம்’ என்று விற்கப்படும் மனைக்கு விலை ஏறுவதே அந்த அப்ரூவலால்தான். அது செல்லாமல் போனால் விற்றவர் பணத்தோடு போய்விடுகிறார். வாங்கியவர் கட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் நிற்கிறார். ஆகவே, கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்த நிலம் எங்கே விழுகிறது என்பதைக் கிரயப் பத்திரத்தோடு இணைக்காமல் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் வர வேண்டும். வில்லங்கச் சான்று இந்த வேலையைச் செய்யாது. பதிவான பரிமாற்றங்களைத்தான் அது காட்டும். கடலுக்கும் மனைக்கும் உள்ள தூரத்தை அது காட்டாது.

அப்ரூவலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளமே சாட்சி. ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளியை ஒட்டி, வேம்பநாட்டு ஏரியில் உள்ள நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு காப்பிகோ ரிசார்ட் எழுந்தது. பஞ்சாயத்தின் கட்டட அனுமதி அதற்கு இருந்தது. ஏரியில் வலை கட்டிப் பிழைக்கும் மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2013-ல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், கொச்சியை ஒட்டிய மரடுவில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றுக்கும் 2006-ல் பஞ்சாயத்து அனுமதி தந்திருந்தது; கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல்தான் இல்லை. வீட்டை இழந்தவர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாயை மாநில அரசு முதலில் தர வேண்டியிருந்தது. பணம் போட்டு வாங்கியவர்கள் அந்த வீடுகளைக் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள்.

‘அது பழைய கதை, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை விதியைத் தளர்த்திவிட்டது’ என்று தரகர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டக் கூடாது என்பதே பொதுவிதி. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் மட்டும் அது 50 மீட்டராகக் குறைந்தது. அதுவும் புதிய விதிப்படி வரைந்த கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே பொருந்தும். அதுவரை 200 மீட்டர்தான். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கடல் அரிப்பையும் கடல் மட்ட உயர்வையும் கணக்கில் கொண்டு வரையப்பட்ட அபாயக் கோட்டைப் பேரிடர் மேலாண்மைத் திட்டமிடலுக்கான கருவியாக மட்டுமே அதே அறிவிக்கை வைத்திருக்கிறது. அப்படியானால், கடல் தின்னப்போகும் நிலத்துக்கும் முறையான அனுமதி கிடைக்கலாம். 1990 முதல் 2018 வரையான பதிவுகளை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகச் சொல்கிறது. புதுச்சேரியில் 1989-ல் துறைமுகத் தடுப்புச் சுவர் எழுந்தபின் அதற்கு வடக்கே கடற்கரை எப்படிக் கரைந்தது என்பதை நாடறியும்.

சுற்றுலா வளர்ந்தால் உள்ளூரில் வேலை கிடைக்கும், இப்படி முட்டுக்கட்டை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை வேண்டும்தான். வரைபடத்தை இணைக்கச் சொல்வது ரிசார்ட்டைத் தடுப்பதாகாது. முறையாக அனுமதி பெற்றவருக்கு அது பலமே. படகு ஏற்றவும் வலை காயப்போடவும் கரையை நம்பியிருக்கும் மீனவரின் வேலையும் வேலைதான். அந்தக் கரையை வேலி போட்டு விற்பதற்கு முன் அதன் எல்லையாவது ஊருக்குத் தெரிய வேண்டும்.

சட்டம் வரும்வரை வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் தருவதற்கு முன், சர்வே எண் குறித்த 1:4000 அளவு வரைபடத்தையும், கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் கடிதத்தையும் கேளுங்கள். பஞ்சாயத்துத் தீர்மானத்தை மட்டும் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள்.