கடற்கரை எல்லோருக்கும்; வழி யாருக்கு?



நோன்புப் பெருநாள் மாலை. உற்றார் உறவினர் வந்து சென்ற வீட்டில், அஸர் தொழுகைக்குப் பின் சற்றே ஓய்வு. புத்தாடை அணிந்த பிள்ளைகள் கேட்கிறார்கள்: "மெரினாவுக்குப் போகலாமா, அத்தா?"

சென்னையில் வாழும் எளிய குடும்பங்களில், இக்கேள்விக்குத் தயக்கமின்றி 'ஆம்' என்று விடை சொல்லும் தந்தையர் எத்தனை பேர்? மணலில் கால் வைக்கக் கட்டணம் இல்லைதான். ஆனால், வியாசர்பாடியிலிருந்தோ பல்லாவரத்திலிருந்தோ ஆறு பேர் சென்று திரும்ப ஆகும் ஆட்டோச் செலவை அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கிறார். இரவில் திரும்பப் பேருந்து கிடைக்குமா என்று மனைவி கவலைப்படுகிறார். முழங்கால் வலியுள்ள பாட்டியோ, "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். காசில்லாமல் காற்று வாங்கக்கூடிய ஒரே இடத்திற்குச் செல்லக் காசும் உடல்வலுவும் வேண்டியிருக்கிறது. இது சிந்திக்க வேண்டிய செய்தி அல்லவா?

சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் கடலோர உலாச்சாலையை அமைத்து அதற்கு 'மெரினா' என்று பெயரிட்டார். அக்காலத்தில் கடல் சாலைக்கு மிக அருகில் இருந்தது. துறைமுகம் கட்டப்பட்ட பின்னர், அதன் தெற்கே ஆண்டுக்கு ஆண்டு மணல் சேர்ந்து கடல் விலகியது. இன்று மணற்பரப்பின் சராசரி அகலம் ஏறத்தாழ 300 மீட்டர். ஆகவே, காமராசர் சாலையை அடைவதோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. அலையைத் தொட இன்னும் வெகுதூரம் மணலில் நடந்தாக வேண்டும்.

சரி, அச்சாலையை அடைவதற்காவது வழி எளிதா? பறக்கும் ரயில் 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் ஓடத் தொடங்கியது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களின் பெயரைக் கேட்டால் இறங்கியவுடன் கடல் என்றே தோன்றும். உண்மையில் அவை பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அமைந்தவை. உயர்ந்த படிகளில் இறங்கி, வாகனங்கள் மொய்க்கும் தெருக்களைக் கடந்து நடந்துதான் கடற்கரை சேர வேண்டும். ஆளரவம் குறைந்த, வெளிச்சம் போதாத நிலையத்தில் இரவு எட்டு மணிக்குக் குழந்தைகளுடன் காத்திருக்கத் தாய்மார்கள் அஞ்சுவதைக் குறை சொல்வதற்கில்லை.

இக்குறையின் விலை என்ன என்பதை 2024 அக்டோபர் 6 நமக்குக் காட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைக் காண இலட்சக்கணக்கான மக்கள் மெரினாவில் திரண்டனர். காலையில் பல வேளைகளில் சிறுகச் சிறுக வந்து சேர்ந்த கூட்டம், நண்பகல் வெயிலில் ஒரே நேரத்தில் வீடு திரும்ப முற்பட்டது. ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. சாலைகளில் பேருந்து நகர வழியில்லை. அன்று ஐந்து உயிர்கள் பிரிந்தன. வெயிலும் நெரிசலும் தண்ணீரின்மையும் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. ஆனால், நான்காவது ரயில் பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டு முதல் கடற்கரை நிலையத்திற்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டிருந்ததை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? வடசென்னை மக்களுக்கு அந்த நேர்வழி அன்று இல்லை. அது மீண்டும் திறக்கப்பட்டது அக்டோபர் 29இல். அதாவது, மூன்று வாரங்களுக்குப் பின்னர்!

நல்லவை நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 மே முதல் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பரில், விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே, மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்ல 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் சீரமைத்தார்கள். பூந்தமல்லிக்குச் செல்லும் 26.1 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடத்தின் கிழக்கு முனையாகக் கலங்கரை விளக்கமே தேர்வு செய்யப்பட்டது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு பெற 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலியும் வந்தது.

ஆயினும் வாசகர்களே, பெரிய திட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய இடைவெளிகளில்தான் எளியவர் இடறி விழுகிறார். சக்கர நாற்காலியில் இருப்பவர் மரப்பாதையின் தொடக்கம் வரை வந்து சேர்வது எப்படி? பாதை இருந்தும் அங்கே வர வண்டி இல்லையென்றால் அந்தப் பாதை யாருக்கு?

கோடிகள் தேவைப்படாத சில ஏற்பாடுகள் உண்டு. அண்ணா சாலையில் உள்ள அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து வாலாஜா சாலை வழியாகவும், பறக்கும் ரயில் நிலையங்களிலிருந்தும் மாலை வேளைகளில் தாழ்தளச் சிற்றுந்துகள் சுற்றி வரலாம். நிலையத்திலிருந்து கடற்கரை வரையுள்ள நடைபாதைகளைச் செப்பனிட்டு, விளக்கும் வழிகாட்டிப் பலகையும் வைக்கலாம். பேருந்து நிறுத்தங்களில் நிழலும் இருக்கையும் குடிநீரும் அமைக்கலாம். பெருநாள், காணும் பொங்கல், கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் வருவதற்கு மட்டுமன்றித் திரும்புவதற்கும் வண்டிகளைக் கூட்டி, கடைசி வண்டியின் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கலாம்.

இவற்றைக் கேட்பது யார்? நாம்தாம். உங்கள் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் இவற்றை எழுத்தில் கொடுங்கள். ஜமாஅத்தாரும் மகளிர் குழுக்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். 'கடற்கரை வசதி' என்று பொதுவாக எழுதாமல் எந்த நிறுத்தம், எந்த நேரம், எந்தத் தடத்து வண்டி என்று குறித்து எழுதுங்கள். தெளிவாகக் கேட்டதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அடுத்த பெருநாளைக்கு இன்னும் காலம் இருக்கிறது. அன்று மாலை பிள்ளைகளோடு பாட்டியும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். அதற்கான மனுவை இந்த மாதமே எழுதத் தொடங்குவோமா?