இல்லம் தாங்கும் பாரம்: வீட்டுக்கு வரும் மனநல ஊழியர் எதைக் கேட்கிறார், ஏன் கேட்கிறார்?

சென்னை பெசன்ட் நகரில் ஊரூர் குப்பத்து மீனவர் வீடொன்றிலும், அங்கிருந்து சிறிது தூரத்திலேயே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலும் மனச்சிதைவு நோயுற்ற ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோமானால், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை இருவருக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பது யார், இரவில் அவர் உறங்காதபோது உடன் விழித்திருப்பது யார், அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர் யார் என்னும் கேள்விகளுக்கு இரண்டு வீடுகளிலும் ஒரே விடை கிடைக்காது. சிகிச்சையின் பலன் பெருமளவு இந்த விடைகளைப் பொறுத்திருப்பதால்தான், வீடு தேடி வரும் மனநல ஊழியர் குடும்பம் படும் சிரமம், நோயாளியின் வாழ்க்கைத் திறன்கள், சுற்றத்தாரிடமிருந்து கிடைக்கும் ஆதரவு ஆகிய மூன்றையும் விசாரித்தறிய வேண்டியிருக்கிறது.

குடும்பத்தை அளக்கத் தொடங்கிய வரலாறு

மனோவியாதிக்கு ஆளானவரை உற்றாரிடமிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே வைத்தியம் என்று கருதப்பட்ட காலத்தில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடனிருக்கச் சிகிச்சை அளிக்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பம் எத்துணை பெரிய சகாயம் என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று. ஆயினும், அந்தச் சகாயத்தைச் செய்பவர்கள் தங்கள் உடலாலும் உள்ளத்தாலும் பொருளாலும் இழப்பது எவ்வளவு என்று கணக்கிடும் முயற்சி பிற்பாடே தொடங்கியது. பெங்களூரில் ஷைலா பாயும் ஆர். எல். கபூரும் தயாரித்து 1981-இல் வெளியிட்ட வினாத்தொகுப்பு, பணவசதி, அன்றாட அலுவல்கள், ஓய்வும் பொழுதுபோக்கும், குடும்பத்தாரின் பரஸ்பர உறவு, மற்றவர்களின் தேக ஆரோக்கியம், அவர்களுடைய மனநலம் என்று சுமையை ஆறு துறைகளாகப் பகுத்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், டாக்டர் ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் 40 கேள்விகள் கொண்ட சுமை மதிப்பீட்டு அட்டவணை ஒன்றை உருவாக்கி 1998-இல் வெளியிட்டார்கள்.

கேட்கும் முறை

முதலாவது, சுமை. அதைப் பற்றிக் கேட்பது சுலபமன்று. "எம் புள்ளையப் பாத்துக்கிறது எனக்கு ஒரு பாரமாம்மா?" என்று திருப்பிக் கேட்காத தாய் அரிது, அந்தப் பதிலில் உள்ள அன்பு முற்றிலும் உண்மையானது, ஆனால் அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதை அது சொல்லுவதில்லை. ஆகவே பயிற்சி பெற்ற ஊழியர் பாரம் உண்டா என்று பொதுவாகக் கேளாமல், இரவு முழுவதும் கண்ணயர்ந்தது எப்போது, மருந்துச் செலவுக்காக நகை அடகுக்குப் போயிற்றா, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா, உங்களுடைய சர்க்கரை நோய்க்கு நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று, நடந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நோயாளி அருகிலிருக்கையில் இவற்றுக்கு மெய்யான விடை வராதாகையால், பராமரிப்பவரைத் தனியே அமர்த்திப் பேசுவதும் அவசியமாகிறது.

இரண்டாவதாக, வாழ்க்கைத் திறன்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்த ஊன மதிப்பீட்டு முறை, தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், தொழில் என்னும் நான்கு துறைகளில் ஒருவரின் நிலையைக் கணிக்கிறது. மருத்துவமனை அறையில் ஐந்து நிமிஷத்தில் தெரியாதது வீட்டில் தெரிந்துவிடும்: குளிக்கத் தெரிந்தும் குளிக்காமலிருக்கிறாரா, வலையில் சிக்கிய மீனைப் பிரித்தெடுக்கும் பழைய பழக்கம் கைகளில் இன்னும் இருக்கிறதா, 29சி பேருந்தில் மயிலாப்பூர் வரை தனியே போய்த் திரும்ப இயலுமா, அல்லது ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற பயத்தால் வீட்டார்தாம் அவரைக் கடைக்குக்கூட அனுப்பாமலிருக்கிறார்களா? திறன் இல்லாமைக்கும் சந்தர்ப்பம் இல்லாமைக்கும் உரிய பரிகாரங்கள் வெவ்வேறானவை. முன்னதற்குப் பயிற்சி வேண்டும், பின்னதற்குக் குடும்பத்தாரின் அச்சம் தெளிய வேண்டும்.

மூன்றாவது, ஆதரவு. குப்பத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அண்டை வீட்டார் உண்டு. ஆனால் நோயை மறைத்து வைக்க இடமில்லாததால், தங்கையின் விவாகப் பேச்சு தடைப்படுமோ என்ற கவலையும் கூடவே உண்டு. அடுக்குமாடியில் நோயை மறைக்க முடியும். ஆனால் மற்றப் பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, எழுபது வயதைக் கடந்த தம்பதியர் நடுத்தர வயதுப் பிள்ளையொருவரைப் பராமரிக்கும் வீட்டில், நள்ளிரவில் ஓர் அவசரம் என்றால் அழைப்பதற்கு யாருமில்லாத நிலை நேரலாம். ஆகையால் எத்தனை உறவினர் என்று எண்ணுவதில் பயனில்லை. சென்ற மாதத்தில் உண்மையில் வந்து உதவியவர் யார் என்று பெயர் பெயராகக் கேட்பதே சரியான முறை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய பின் தமிழகக் கரையோரத்தில் அந்தந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சியளித்து வீடு வீடாக அனுப்பியபோது, உற்றாரை இழந்த குடும்பங்களுக்கு எஞ்சியிருந்த பந்தங்களைத் தேடிக் கண்டறிவது அந்த ஊழியர்களுடைய பணிகளில் முக்கியமான ஒன்றாயிருந்தது.

மதிப்பிட்ட பின்

இத்தகைய இல்லச் சந்திப்புகளால் பலனுண்டா என்பதை ஆராய, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுற்ற 282 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2014-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அவர்களில் 187 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்களின் வருகையும் கிடைத்தது. 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டுமே. ஓராண்டுக்குப் பின், ஊழியர் வருகை பெற்றவர்களிடம் நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு அதிகமாகக் குறைந்திருந்தன. அந்த ஊழியர்கள் கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை. நோயின் இயல்பை விளக்கினார்கள், மருந்து நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள், அரசின் உதவிகள் கிடைக்க வழிகாட்டினார்கள்.

கேள்விக்குப் பின் உதவி வராவிட்டால், ஒரு குடும்பத்தின் துயரத்தைக் கிளறிவிட்டுத் திரும்பிய குற்றமே மிஞ்சும். மனநோயையும் ஊனங்களில் ஒன்றாக அங்கீகரித்துள்ள 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அடையாள அட்டை பெறுவது, மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பிவைப்பது, 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணைக் குறித்துக் கொடுப்பது ஆகியவை அந்த உதவியின் முதற்படிகள்.

நோயாளியோடு குடும்பத்தையும் கவனிக்கும் இந்த எண்ணத்துக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அடையாற்றில் 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை, தனி ஆளைக் கணக்கிடாமல் குடும்பத்தையே ஓர் அலகாகக் கொண்டு, வருமானத்துக்கேற்ற சந்தா வாங்கி வைத்தியம் செய்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் இன்று ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தோடு வாசல்படி ஏறுகிறார்கள். அதே வாசலில் அவர்கள் பராமரிப்பவரையும் விசாரிக்கப் பழகுவார்களானால், புதிய அமைப்பு எதுவும் வேண்டாமலே பெரியதொரு குறை நீங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டைத் திரும்பச் செய்யும்போது, நோயாளி தேறியிருந்தும் அவருடைய தாயின் சுமை குறையாதிருக்குமானால், அந்த வீட்டில் சிகிச்சை இன்னும் முடியவில்லை என்றே மருத்துவர் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.