விலை உயர்ந்த கேமராவா, காத்திருக்கும் மனமா?

கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று புகைப்படக்காரர்தான். திருமணத்துக்குப் போனால் மணமக்களைக் கண்ணால் பார்ப்பவர்களைவிடத் திரை வழியாகப் பார்ப்பவர்களே அதிகம். தைப்பூசத்தில் காவடி கண்முன்னே ஆடி வரும்போதும் கை தானாகவே மேலே உயர்கிறது. எடுத்த படங்களைப் பிறகு எப்போதாவது பார்த்தீர்களா என்று கேட்டால், பலரிடம் பதில் இருக்காது. ஆனாலும் 'நல்ல படம் எடுக்க என்ன கேமரா வாங்கலாம்?' என்ற கேள்வி மட்டும் ஓயவே இல்லை.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாக விட்டுச் சென்றவர் பிரேசில் நாட்டு ஆவணப் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ. 2025 மே 23ஆம் தேதி, தமது 81ஆவது வயதில் பாரிஸில் காலமானார். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் பேசியவர். படைப்பு, கருவி, நவீன வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளில் நாம் ஏற்கக்கூடியவை பல உண்டு. மாறுபடக்கூடியவையும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொருளாதாரம் படித்தவர் படம் எடுக்க வந்த கதை

சல்காடோ 1944இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் உள்ள ஐமோரெஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கால்நடைப் பண்ணை வைத்திருந்தார். மகன் பொருளாதாரம் படித்தார். பிரேசிலில் இராணுவ ஆட்சி நடந்த காலம் அது. அந்த ஆட்சியை எதிர்த்த சல்காடோவும் அவர் மனைவி லேலியாவும் 1969இல் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸுக்குச் சென்றனர்.

லேலியா அங்கே கட்டடக்கலை படித்தார். கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டியிருந்ததால் 1970இல் ஒரு கேமரா வாங்கினார். மனைவி படிப்புக்காக வாங்கிய அந்தக் கேமராதான் கணவரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. லண்டனில் அனைத்துலகக் காப்பி அமைப்பில் சல்காடோவுக்கு நல்ல வேலை இருந்தது. அலுவல் காரணமாக ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வந்தார். அங்கே எடுத்த படங்கள் தந்த மகிழ்ச்சியை, திரும்பி வந்து எழுதிய பொருளாதார அறிக்கைகள் தரவில்லை. 1973இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆனார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் புகைப்படக்கலையைப் பள்ளியில் படித்துத் தேர்ந்தவர் அல்லர். படித்த பொருளாதாரமோ வீண்போகவில்லை. தம்மிடம் ஆலோசனை கேட்ட இளைஞர்களிடமும் அவர் கேமராவைப் பற்றிப் பேசவில்லை. சமூகவியல், பொருளாதாரம், மானிடவியல் ஆகியவற்றைப் படியுங்கள், நீங்கள் வாழும் உலகம் எப்படி இயங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்றே சொல்லி வந்தார்.

ஏன் அப்படிச் சொன்னார்? அவருடைய 'தொழிலாளர்கள்' என்ற பெரும்பணியைப் பார்த்தால் விளங்கும். 1986 முதல் 1992 வரை 26 நாடுகளில் உடலுழைப்பாளர்களைப் படம் எடுத்தார். அப்போது பீகாரில் இருந்த தன்பாத் நிலக்கரிச் சுரங்கம், வங்காளதேசத்தின் சிட்டகாங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைப்பவர்கள், கிழக்கு ஜாவாவின் காவா ஈஜென் எரிமலையிலிருந்து கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்து வருபவர்கள் என ஒவ்வோர் இடமும் வேறு, வேலையும் வேறு. ஆனால் கை உழைப்பின் இடத்தை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஒரு காலம் முடிகிறது என்ற எண்ணம் அத்தனை படங்களையும் ஒரே நூலில் கோத்தது. அந்த எண்ணத்தைக் கேமரா கொடுக்கவில்லை, படிப்பு கொடுத்தது.

படைப்பு என்றால் என்ன?

படைப்பாற்றல் என்றவுடன், மின்னல் போல ஏதோ ஒன்று தோன்றும் என்று நினைக்கிறோம். சல்காடோவின் அனுபவம் வேறு. ஓர் இடத்தில் தங்க வேண்டும், அங்குள்ளவர்களோடு பழக வேண்டும், காத்திருக்க வேண்டும். படம் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் எதிரே இருப்பவரோடு நமக்கு ஏற்படும் உறவைப் பொறுத்தது என்பது அவர் கருத்து.

1986இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்துக்குப் போனார். ஒரே பெரும் பள்ளத்தில் ஏறத்தாழ 50,000 ஆண்கள். இயந்திரம் எதுவும் இல்லை. மண் மூட்டையை முதுகில் சுமந்து, மர ஏணிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சல்காடோ ஒரு பகல் பொழுதில் படம் எடுத்துவிட்டுத் திரும்பவில்லை. பல வாரங்கள் அங்கேயே தங்கினார். இயற்கையையும் பழங்குடி மக்களையும் தேடிச்சென்ற 'ஜெனிசிஸ்' பணிக்காக 2008இல் எத்தியோப்பியாவின் வடக்கு மலைப்பகுதியில் ஏறத்தாழ 850 கிலோமீட்டர் நடந்தார். கலாபகோஸ் தீவில் ஒரு பெரிய ஆமையை நெருங்க முயன்றபோது, அது விலகி விலகிப் போனது. அவரும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி ஆமையின் உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் அது அவரை நெருங்க விட்டதாம்.

காத்திருந்தால் படம் ஏன் நன்றாக வருகிறது? கேமராவைக் கண்டதும் மனிதர்கள் நடிக்கத் தொடங்குகிறார்கள். சில நாள்கள் போனால் அந்த நடிப்பு தானே ஓய்ந்துவிடுகிறது. வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழும் என்பதும் பழகிவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே உணரவும் முடிகிறது. இவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

அப்படியானால் நொடிப்பொழுதில் எடுக்கும் படத்துக்கு மதிப்பில்லையா? உண்டு. 1981 மார்ச் 30ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரீகன் வாஷிங்டனில் சுடப்பட்டபோது சல்காடோ அந்த இடத்தில் இருந்தார். அந்தச் சில விநாடிகளில் எடுத்த படங்கள் உலகெங்கும் விலைபோயின. கிடைத்த பணத்தை அவர் ஆப்பிரிக்காவில் நெடுநாள் தங்கிப் பணியாற்றச் செலவிட்டார். வேகம் சம்பாதித்துக் கொடுத்ததைப் பொறுமைக்குக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

கருவி முக்கியமே இல்லையா?

அப்படி அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நல்ல கருவிகளையே பயன்படுத்தினார். பல ஆண்டுகள் கையில் லைக்கா, உள்ளே கோடாக்கின் டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளைச் சுருள். ஜெனிசிஸ் பணியில் மலையையும் பனிப்பாறையையும் எடுக்க வேண்டி வந்தபோது, நுணுக்கங்கள் கூடுதலாகப் பதியும் பெரிய நெகட்டிவ் தரும் கேமராவுக்கு மாறினார். வேலை கேட்டது, கருவி மாறியது.

பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமான நிலையங்களில் சோதனை கடுமையானது. ஒரே பயணத்தில் படச்சுருள்கள் பலமுறை எக்ஸ்ரே கருவிக்குள் போய் வந்தன. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் கெட்டன. வேறு வழியின்றி 2008இல் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார்.

மாறிய பிறகு செய்ததுதான் சுவையானது. கணினித் திரையில் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. டிஜிட்டல் படங்களையும் பழைய முறைப்படி சிறு சிறு படங்களாக ஒரே தாளில் அச்சிடச் செய்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். அந்தத் தாளில் நல்ல படத்துக்குப் பக்கத்திலேயே தவறிய படங்களும் வரிசையாக இருக்கும். எந்த இடத்தில் தவறினோம், எந்த இடத்தில் நெருங்கினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். நாமோ தவறிய படத்தை அந்த நொடியே அழித்துவிடுகிறோம். கூடவே பாடமும் அழிந்துவிடுகிறது.

வண்ணத்தையும் அவர் இதே கண்ணோடுதான் பார்த்தார். சிவப்புச் சட்டை இருந்தால் பார்வை சட்டைக்குப் போகிறது, அதை அணிந்தவரின் முகத்துக்குப் போவதில்லை. அதனால் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்துவிட்டார்.

கைத்தொலைபேசியில் எடுப்பது புகைப்படமா?

இல்லை என்றார் சல்காடோ. 2016இல் இதை வெளிப்படையாகவே பேசினார். புகைப்படம் என்பது நினைவு, அச்சிட்டுக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டிய பொருள், முன்பு பெற்றோர் பிள்ளைகளின் படங்களைக் கழுவி ஆல்பத்தில் ஒட்டி வைத்தார்களே, அதுதான் புகைப்படம் என்பது அவர் வாதம். கைத்தொலைபேசியில் இருப்பவை வெறும் உருவங்கள் என்றார். இன்னும் இருபது முப்பது ஆண்டுகளுக்குமேல் புகைப்படம் என்ற ஒன்று நிலைக்காது என்றும் சொன்னார்.

இதை அப்படியே ஏற்க முடியுமா? முடியாது என்றே தோன்றுகிறது. 2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல்துறை அதிகாரியின் முழங்காலுக்கடியில் இறந்ததை உலகுக்குக் காட்டியது 17 வயது மாணவி ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி. 2021இல் அந்தப் பெண்ணுக்குப் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது. லைக்கா வாங்க வசதியில்லாத கோடிக்கணக்கானோருக்குக் கைத்தொலைபேசிதான் சாட்சி.

ஆனால் சல்காடோ சொன்னதில் மறுபாதி நம்மைச் சுடுகிறது. அந்தக் காலத்துப் படச்சுருளில் 36 படங்கள்தாம். பொத்தானை அழுத்துமுன் யோசித்தோம். ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படத்தின் பின்புறம் யாரோ ஒருவர் தேதி எழுதி வைத்தார். தாத்தா பாட்டியின் அந்த ஒரே படம் இன்றும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் படம் எங்கே கிடைக்கும்? தொலைபேசி பழுதானால், மறைச்சொல் மறந்துபோனால், பல ஆயிரம் படங்களும் ஒரே நாளில் போய்விடும்.

துன்பத்தை அழகாகக் காட்டலாமா?

சல்காடோவை எல்லாரும் பாராட்டினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1984, 1985 ஆண்டுகளில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புடன் சேர்ந்து, ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் பட்டினியால் வாடியவர்களைப் படம் எடுத்தார். பின்னர் அகதிகளை எடுத்தார். அந்தப் படங்கள் மிக அழகாக இருந்தன. அதுவே குற்றச்சாட்டாகவும் ஆனது. 1991இல் 'நியூ யார்க்கர்' இதழில் இங்க்ரிட் சிஷி, இந்த அழகு பார்ப்பவரின் மனச்சாட்சியைத் தூண்டாமல் இரசிக்க வைத்துவிடுகிறது என்ற பொருளில் கடுமையாக எழுதினார். 2003இல் வெளிவந்த நூலில் சூசன் சொன்டாக் மற்றொரு குறையைச் சுட்டினார். புகழ்பெற்றவர்களின் படத்துக்கு மட்டும் பெயர் போடுகிறோம், அகதியின் படத்துக்கு ஏன் பெயர் இல்லை என்பதே அதன் சாரம்.

முதல் குற்றச்சாட்டுக்குச் சல்காடோ விடை சொன்னார். ஏழை உலகம் பணக்கார உலகத்தைவிட அழகற்றதாக இருக்க வேண்டுமா, இரண்டிலும் விழுவது ஒரே சூரிய வெளிச்சம்தானே என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சொன்டாக் எழுப்பிய பெயர் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

அது நம்மையும் நோக்கி நிற்கிறது. அரிசி மூட்டையோ பள்ளிப் பையோ வழங்கும் நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள். கொடுப்பவரின் பெயர் பதாகையில் பெரிதாக இருக்கும். வாங்கும் தாயின் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் அவர் முகம் மட்டும் எல்லாருடைய தொலைபேசியிலும் சுற்றி வரும். படம் எடுக்கலாமா என்று அவரிடம் ஒருவராவது கேட்டாரா? உதவி வாங்குகிறார் என்பதற்காக முகத்தையும் தர வேண்டுமா?

கேமராவைக் கீழே வைத்த காலம்

1994இல் ருவாண்டா இனப்படுகொலையையும் அதைத் தொடர்ந்த அகதிகளின் அவலத்தையும் நேரில் கண்டபின் சல்காடோவின் உடலும் மனமும் நொறுங்கின. நோய் எதுவும் இல்லை, இத்தனை மரணங்களைப் பார்த்ததே காரணம், வேலையை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொன்னதாக அவரே கூறியிருக்கிறார். பெற்றோரின் பண்ணைக்குத் திரும்பினார். சிறுவயதில் ஏறத்தாழப் பாதி காடாக இருந்த நிலம் மொட்டையாகிக் கிடந்தது. மரம் நடுவோம் என்று யோசனை சொன்னவர் லேலியா. 1998இல் இருவரும் 'இன்ஸ்டிடியூட்டோ டெர்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினர். இரண்டு மில்லியனுக்கும் அதிகமான மரங்கள் நடப்பட்டன. நீரூற்றுகள் திரும்பின, பறவைகளும் திரும்பின.

அந்தக் காடு வளர வளரத்தான் அவருக்கு மீண்டும் படம் எடுக்கும் ஆசை வந்தது. 2004இல் தொடங்கிய ஜெனிசிஸ் பயணம் அவரை நம் அருகில், மேற்குச் சுமத்ராவுக்கு அப்பால் சிபேருட் தீவில் வாழும் மெந்தாவாய் மக்களிடமும் அழைத்து வந்தது. அந்தப் படங்கள் 2014இல் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்திலும் காட்சிக்கு வந்தன. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 2010இல் இந்தோனேசியாவில் தொற்றிய மலேரியாவின் பின்விளைவே இரத்தப் புற்றுநோயாக மாறி அவர் உயிரைப் பறித்தது என்று குடும்பத்தார் தெரிவித்தனர்.

நாம் என்ன செய்யலாம்?

சல்காடோவைப் போல வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்ற நம்மால் முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்ய முடியும். புதிய கேமரா வாங்குமுன், இருக்கும் கருவியில் ஒரே இடத்தை ஒரு மாதம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். அது சந்தையாக இருக்கலாம், பேருந்து நிலையமாக இருக்கலாம், அம்மாவின் சமையலறையாகவும் இருக்கலாம். பிறரை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், பெயரையும் கேளுங்கள். ஆண்டு முடிவில் பத்துப் படங்களையாவது அச்சிட்டு, பின்புறம் பெயர், இடம், தேதி எழுதி வையுங்கள்.

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால், அதிலுள்ளவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பேனாவும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.