கடைசி ஐந்து வருஷத்தை மறைத்துப் பார்

திருகோணமலையின் கொட்பே துறைமுகத்தில் பலநாள் படகு வந்து அணைந்தால் எல்லாரும் மீனின் நிறையைக் கேட்பார்கள். என் சித்தப்பா கேட்பது வேறு: "எத்தனை நாள் கடல்ல கிடந்தீங்க, தம்பி?" அதே ஆயிரம் கிலோ பத்து நாளில் வந்தால் ஒரு கதை, இருபத்தைந்து நாளில் வந்தால் வேறு கதை. கரைவலைச் சம்மாட்டியாக இருந்து ஓய்ந்தவர் அவர். நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்று சொல்லும் பெரிய மாதிரிகளும் அவருடைய கேள்வியில்தான் தொடங்குகின்றன.

1954இல் மில்னர் ஷேஃபர் எழுதிய எளிய மாதிரியைப் பிள்ளைகளுக்குக் கிணற்றை வைத்து விளங்கப்படுத்துவேன். நிறைந்து நிற்கும் கிணற்றில் ஊற்றுச் சுரக்காது. இறைக்க இறைக்கச் சுரக்கும். மீனில் அந்தச் சுரப்பு, பாதியளவு இருப்பு நிற்கும்போது உச்சத்தில் இருக்கும் என்றார் ஷேஃபர். அடிவரை இறைத்தால் மட்டும் கிணறு போலல்ல, ஊற்றே தூர்ந்துவிடும்.

ஒருமுறை சித்தப்பாவின் பழைய கொப்பியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். எத்தனை தடவை வலை வளைத்தது, எத்தனை பெட்டி நெத்தலி, கீரி, பாரை என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கடைசி ஐந்து வருஷத்தை மறைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு அவற்றைக் கணியுங்கள் என்றேன். எல்லாப் புள்ளியையும் தொட்டு வளைந்த அழகான கோடு, மறைத்த பகுதிக்குள் நுழைந்ததும் பூச்சியத்துக்குக் கீழே போனது. "டீச்சர், மைனஸ் மீன்!" என்று ஒருத்தி சிரித்தாள். விஞ்ஞானிகளும் மாதிரியை இப்படித்தான் சோதிக்கிறார்கள். நடந்ததோடு ஒட்டுவது பெரிய காரியமல்ல, காட்டாததைச் சொல்ல வேண்டும்.

கொப்பியில் போர்க்கால வருஷங்கள் மெலிந்திருந்தன. பாஸ், நேரக் கட்டுப்பாடு, என்ஜின் கட்டுப்பாடு என்று கடலே பாதி மூடிக் கிடந்த காலம். மொத்தப் பிடியை மட்டும் பார்க்கும் மாதிரி, மீன் குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும். குறைந்தது வள்ளங்கள்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தார் இங்கே வந்து வாடி போடுவார்கள். அந்த மாதங்களில் பிடி கூடினால் மீன் பெருகிவிட்டது என்றும் அது சொல்லும்.

சித்தப்பா மாதிரிப் பிடியை நாளால் வகுத்து, பிடி விகிதம் பார்த்தாலும் வரும் பிழை இன்னும் பொல்லாதது. மீன் கூட்டமாகச் சேர்வதால் கடைசிக் கூட்டமும் வலையை நிரப்பும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் அருகிக்கொண்டிருந்தபோதும் இழுவைப் படகுகளின் பிடி விகிதம் நன்றாகவே இருந்தது. மதிப்பீடும் அதை நம்பியது. 1992 ஜூலையில் மீன்பிடியை நிறுத்தினார்கள், சுமார் 30,000 பேருக்குத் தொழில் போனது.

நம் கடலுக்கு வருவோம். மஞ்சள் துடுப்புச் சூரை, சிங்களத்தில் கெலவல்லா. சீஷெல்ஸில் இருக்கும் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு, அது அளவு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015இல் சொன்னது. 2016இல் மீட்புத் திட்டம் வந்தது. 2021இலும் அதே தீர்ப்பு. 2024இல், இல்லை, இருப்புப் பரவாயில்லை என்றார்கள். மூன்று வருஷத்தில் மீன் அவ்வளவு குட்டி போட்டதா? உள்ளே போன எண்கள் மாறியிருந்தன. முக்கியமாக, லோங்லைன் படகுகளின் பிடி விகிதத்தைப் புதிதாகக் கணக்கிட்டிருந்தார்கள். பிழையைத் திருத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரே தரவைத் திருத்தியதும் தீர்ப்பே புரளுமானால், கிடைத்த புது ஒதுக்கீட்டை முழுவதும் பிடித்துவிட நான் அவசரப்படமாட்டேன்.

பிடியை நம்பாமல் அளக்க இன்னொரு வழி, மீனில் அடையாளக் குறி குத்தி விடுவது. 2000களில் இந்து சமுத்திரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சூரை மீன்களுக்குக் குத்தினார்கள், பெரும்பாலும் தான்சானியாப் பக்கம். குறியோடு ஒரு மீனைத் தான் கண்டதே இல்லை என்கிறார் சித்தப்பா. கொட்பேயில் இறங்கும் பெடியன்களிடம் இப்போதும் கேட்டுத்தான் பார்க்கிறார்.